ஒரு வாய் வெத்திலைப் பாரம்

சாலிஹுக்கு ஒரு சாமானின் பாரத்தைச் சொல்லத் தராசு தேவையில்லை. கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு வெத்திலையைப் போட்டு மெல்லத் தொடங்குவான். சாறெல்லாம் இறங்கி, சக்கையைத் துப்பும் வரைக்கும் கை ஆடாவிட்டால் சாமான் நல்லது. பாதியில் ஆடிவிட்டால், தங்கத்தால் செய்ததென்றாலும் அவனுக்கு வேண்டாம். வாவியில் பத்து வருஷம் வலை வீசியவன், வலையை அப்படித்தான் தெரிவு செய்வான். காவலரணுக்கு வந்த, இருட்டிலும் ஆளைக் காட்டும் இருட்டுக் கண்ணாடியையும் அவன் அப்படியே தெரிவு செய்தான் என்று கேட்டு ஊர் சிரித்தது. சிரிக்கிற வாய்க்கு என்ன, அது காவல் இருக்கவா போகிறது!

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு அது. ஏறாவூர்ப் பக்கம் வாவியோரத்து ஊர். முந்தின வருஷம் நடந்த வெட்டுக்கும் சூட்டுக்கும் பிறகு அந்தக் கரைத் தமிழரும் இந்தக் கரை முஸ்லிம்களும் முகம் பார்ப்பதில்லை. வலையை மூலையில் போட்டுவிட்டு சாலிஹ் ஊர்காவல் படையில் சேர்ந்து துவக்குத் தூக்கினான். கரையிலிருந்து ஐம்பது பாகத் தூரத்தில் வரிசையாகக் கம்பு நட்டிருந்தார்கள். பொழுதுபட்ட பிறகு கம்புக்கு இங்கால எது வந்தாலும் சுடலாம் என்பது உத்தரவு.

அந்த உத்தரவுதான் சாலிஹின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. துவக்கோடு வருகிறவனை விட்டுவிட்டால் ஊர் போகும். வயிற்றுப்பாட்டுக்கு வலையோடு வந்தவனைச் சுட்டுவிட்டால், அந்தப் பாவத்தை அவன் எந்தத் தண்ணீரில் கழுவுவான்? பயம் அவனுக்கு இருந்தது. அதை ஒளிக்கிற ஆளில்லை அவன்.

ஒரு நாள் பொழுதுபட்ட பிறகு பொலிஸ் சார்ஜன்ட் இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று ஆட்டுக்குட்டி அளவு. மற்றது தேங்காய்ச் சிரட்டையை விடக் கொஞ்சம் பெரிது.

"ஒண்ணு இங்க. மத்தது அடுத்த காவலரணுக்கு. நீங்களே சொல்லுங்க" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில்.

சாலிஹின் மனைவியின் தம்பி பாறூக்கும் அதே காவலரணில்தான்; சாலிஹை அண்ணனாக எண்ணி 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான். அவன் பெரியதைப் பாய்ந்து தூக்கிக் கண்ணில் வைத்தான். "காக்கா! அங்கால கரையில கட்டின மாடு தெரியுது. இதைத்தான் எடுக்கணும்."

"எடு. வெத்திலை மெல்லுறன், அதுவரைக்கும் புடிச்சிரு."

வெத்திலை பாதி கூட மசியவில்லை. பாறூக்கின் முழங்கை இறங்கியது.

"என்னடா, மாடு நடக்குதா?"

"மாடு ஆடுது" என்று பாறூக் ஒப்புக்கொண்டான். "ஆனா தூரத்துல தெரியுதே."

"ஆடுற மாட்டுக்குக் கொம்பு ரெண்டா நாலா எண்டு சொல்லுவியா நீ? இஞ்ச வாற ஆளுட கையில என்ன இருக்கெண்டு பாக்கத்தான் நமக்குக் கண்ணாடி. அங்கால கரை மாட்டைப் பாத்து நமக்கு என்ன?" சாலிஹ் சிறியதை எடுத்துக் கண்ணில் வைத்தான். சக்கையைத் துப்பினான். இன்னொரு வெத்திலையும் போட்டுத் தின்று முடித்தான். கை அப்படியே நின்றது. "இதுதான் ஸேர்."

"ஏதும் நடந்தா உன் பொறுப்பு" என்றார் சார்ஜன்ட்.

"என்ட பொறுப்புத்தான்." கேட்டவர்களுக்கே கொஞ்சம் எரிச்சல் வரும்படி அவ்வளவு தெளிவாகச் சொன்னான்.

நாலாம் நாள், சுபஹுத் தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. சாலிஹ் கண்ணாடியும் கையுமாக ஒன்றரை மணித்தியாலம் இருந்துவிட்டு, கண்ணைத் துடைக்க அதைப் பாறூக்கிடம் கொடுத்தான். கொடுத்த கணமே பாறூக் மூச்சை இழுத்தான்.

"காக்கா, தோணி! கம்புக்கு இங்கால வந்திட்டான்!" அவன் குரல் உடைந்தது. "எழும்பி நிக்கான். வாயில எதையோ கடிக்கான். அல்லாஹ்வே, கைக்குண்டு! கிளிப்பைப் பல்லால இழுக்கான்!"

கண்ணாடியைப் போட்ட வேகத்தில் துவக்கை எடுத்தான். மணலில் விழுந்த கண்ணாடியைப் பொறுக்கி சாலிஹ் கண்ணில் வைத்தான்.

பச்சை வெளிச்சத்தில் ஒருவன் நின்றான். ஒரு கை பின்னால் ஓங்கியிருந்தது. வாய் இறுகியிருந்தது. கிளிப்பை இழுத்தவன் உடனே துப்புவான். இவன் துப்பவில்லை, கடித்தபடியே இடுப்பைத் திருப்புகிறான். இடது முழங்கையில் துணி மடித்ததுபோல ஏதோ தொங்குகிறது. சாலிஹின் கை ஆடவில்லை, ஆகவே படமும் ஆடவில்லை. அந்த ஆள் இடது கடைவாயால் கடித்திருப்பது வரைக்கும் தெரிந்தது. வீச்சுவலையை எறியும்போது அதன் விளிம்பை எல்லாரும் முன்பல்லால்தான் கடிப்பார்கள். முன்பல் இரண்டும் இல்லாத ஒருவன்தான் கடைவாயால் கடிப்பான். அந்தப் பற்களைத் தோணி விளிம்பில் அடித்து உடைத்துக்கொண்ட அன்று, அதே தோணியில் பக்கத்தில் இருந்து சிரித்தவனே சாலிஹ்தான்.

சாலிஹ் பாறூக்கின் துவக்குக் குழலைப் பிடித்துக் கீழே அமத்தினான். "வலைடா அது! சுடாத!"

"உத்தரவு காக்கா..."

"வலை எண்டு சொல்லுறன்!"

தண்ணீரில் வலையின் ஈயமணிகள் சளாரென்று விழுந்தன. மழையை ஒரு பிடி அள்ளி எறிந்ததுபோல ஒரு சத்தம். வாவிக்கரையில் பிறந்த எவனுக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. பாறூக் துவக்கை மடியில் போட்டுவிட்டு அப்படியே மணலில் குந்திவிட்டான்.

சாலிஹ் எழும்பி நின்று கத்தினான். "சாமித்தம்பி! கம்புக்கு இங்கால நிக்கிறாய் மச்சான்! அங்கால போ!"

தோணியில் இருந்தவன் வலைக்கயிற்றைப் பிடித்தபடி கரைப்பக்கம் திரும்பினான். பிறகு இருட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஆரு... சாலிஹா?"

"ஓம். நான்தான்."

"மீன் படுதில்ல மச்சான் அங்கால. வீட்டில ரெண்டு நாளா..." ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

"தெரியும். போ. நானில்லாத நாளில வந்திராத."

வலையை இழுக்கும் சத்தம் கேட்டது. தோணி திரும்பியது.

"பொறகு வாறன் மச்சான்" என்றது குரல்.

அந்தக் கரையிலிருந்து எவனாவது 'வாறன்' என்று சொல்லிவிடுவானோ என்றுதான் ஊர் ஒரு வருஷமாகத் தூங்காமல் கிடந்தது. இன்றைக்கு ஒருவன் சொல்லியேவிட்டான். போகிறவர்கள் எல்லாரும் விடைபெறும்போது சொல்லுகிற வாறன்.

"ஓம், வா" என்றான் சாலிஹ்.

தோணி கம்பைத் தாண்டி மறையும் வரைக்கும் கண்ணாடியை அவன் இறக்கவில்லை. இறக்கியபோது பாறூக் அவன் கையைப் பார்த்தான்.

"என்ன காக்கா, கை இந்த நடுக்கம் நடுங்குது? அது சின்னச் சாமான்தானே?"

சாலிஹ் கண்ணாடியை அவனிடம் நீட்டினான்.

"புடிடா. இப்பதான் பாரமா இருக்கு."