முன்பு வாசித்த செய்தியில் ஒரு திருத்தம்

வானொலியில் இருபத்தாறு வருடம் செய்தி வாசித்தவர். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் தெருவில் அவருக்குச் செய்தியம்மா என்றுதான் பெயர். மழை வருமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத் துணி காயப்போடுகிறவர்கள்கூட உண்டு. அவர் வாயிலிருந்து வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

போன மாதம் அவரோடு வேலை பார்த்த வானிலை அறிவிப்பாளர் காலமானார். பத்திரிகைகள் இணையக் கலைக்களஞ்சியத்தில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தன. மனைவி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அக்காவின் பெயர். செத்தவர் எழுந்து வந்து சண்டை போடவா முடியும்?  செய்தியம்மா தன்னைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தவள் நாத்தனார். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவள். கல்யாணம் வேண்டாம் என்று அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டவள். அண்ணன் போய் இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு கணினி, ஓயாத வாக்குவாதம்.

"பொறந்த வருஷம் தப்பு அண்ணி. ரெண்டு வயசு குறைச்சுப் போட்டிருக்கான்."

"எந்தப் புண்ணியவானோ. அது இருக்கட்டும், மேல படி."

கடைசிப் பத்திக்கு வந்ததும் நாத்தனாரின் குரல் இறங்கிப்போனது. "திருமணமானவர். குழந்தைகள் இல்லை."

அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருந்தது. பள்ளியில் சேர்க்க வைத்த பெயர் வேறு; வீட்டில் வாலு. செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு, அதுதான் சரி என்று அடம்பிடிக்கும். நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்.

"நான் போனா இதைத்தான் வாசிப்பாங்க," என்றார் செய்தியம்மா. "மாத்தச் சொல்லி எழுது."

எழுதினாள். வாலுவின் பிறப்புச் சான்றிதழையும் படமெடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள், காகிதக்கப்பல் என்ற புனைபெயரில் அங்கே தொகுப்பு வேலை பார்க்கும் யாரோ ஒருவர் பதில் போட்டிருந்தார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. தங்களைப் பற்றித் தாங்களே தரும் தகவலை மட்டும் வைத்து மாற்ற இயலாது. அச்சில் வெளியான ஆதாரம் தேவை. சான்றிதழ் அதில் சேராது. மேலும், இப்போதுள்ள வரிக்கு ஆதாரம் இருக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய வார இதழ்ப் பேட்டியில் தாங்களே அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்.

"நல்லா இருக்கே கதை," என்றாள் நாத்தனார். "இன்னிக்கு நீங்க சொல்றதை நம்ப மாட்டானாம், அன்னிக்கு சொன்னதை நம்புவானாம். அதுவும் நீங்க சொன்னதில்லையே. நிருபர் தப்பா எழுதிட்டார்னுதானே அண்ணன் சொன்னார்."

"யார்கிட்ட சொன்னார்?"

"என்கிட்டதான். இத்தனை வருஷமா அந்த நிருபரைத் திட்டிட்டு இருக்கேன் அண்ணி, வாய் வலிக்க."

செய்தியம்மாவுக்கு இது புதுச் செய்தி. வாழ்க்கையில் எத்தனையோ செய்திகளைக் கண் இமைக்காமல் வாசித்தவர், இதற்கு மட்டும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிருபர் ஒண்ணும் தப்பா எழுதல. நான்தான் சொன்னேன். அவ போய் எட்டு மாசம். குழந்தைங்க எத்தனைன்னு கேட்டார். இருந்தாள்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்ற தெம்பு எனக்கில்ல. இல்லைன்னேன். செய்தி வாசிக்கிற மாதிரியே, தடுமாறாம சொன்னேன். உங்க அண்ணன் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தார். எழுந்து சமையலறைக்குள்ள போனார். குழாயைத் திறந்துவிட்டார். நிருபர் போற வரைக்கும் தண்ணி ஓடிட்டே இருந்தது."

 நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்; போட்டுக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தாள்.

"அவர் ஒரு தடவைகூட என்னை ஏன்னு கேட்கல," என்றார் செய்தியம்மா. "கேட்டிருந்தா அழுதிருப்பேன்."

பதிலின் அடியில் இன்னும் கொஞ்சம் இருந்தது. சொந்த விஷயம் என்பதால், விரும்பினால் அந்த வரியை அடியோடு எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தார் காகிதக்கப்பல்.

"அதையாவது செய்யச் சொல்லுவோம் அண்ணி."

"எடுத்துட்டா இல்லைன்னு சொன்னது போகும். இருந்தாள்னு ஆகிடுமா?" என்றார் செய்தியம்மா. "நாம எழுதின கோரிக்கையை என்ன பண்ணுவாங்களாம்? கிழிச்சுப் போட்டுடுவாங்களா?"

வரியை எடுத்துவிடச் சொல்லி, இதையும் கேட்டு எழுதினார்கள். ஏற்றாலும் மறுத்தாலும் கோரிக்கைகளை அழிப்பதில்லை, கட்டுரைக்குப் பின்னாலுள்ள உரையாடல் பக்கத்தில் இருக்கும், தேடினால் யாரும் படிக்கலாம் என்று பதில் வந்தது.

வானொலியில் ஒரு சட்டம் உண்டு. தப்பாக வாசித்ததை அந்தச் செய்தியறிக்கை முடிவதற்குள் திருத்திவிட வேண்டும். செய்தியம்மா நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "தட்டு," என்றார்.

"முன்பு வாசித்த செய்தியில் ஒரு திருத்தம். எனக்கு ஒரு மகள் இருந்தாள். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவோம். இல்லை என்று சொன்னது நான். அவளுடைய அப்பா சொல்லவில்லை. அவள் எங்களோடு நான்கு வருடம், இரண்டு மாதம்..."

அங்கே குரல் நின்றுவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட நிற்காத குரல்.

"பத்தொன்பது நாள்," என்றாள் நாத்தனார். "நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தட்டிட்டேன்."

நாலு நாளில் முடிவு வந்தது. நாத்தனார் வாசித்தாள். "ஆதாரம் இல்லாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. பழைய வரி நீக்கப்பட்டது. கோரிக்கை உள்ளபடியே பாதுகாக்கப்படும்."

"இன்னொரு தடவை வாசி."

வாசித்தாள். பிறகு கேட்டாள். "அண்ணன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்," என்றார் செய்தியம்மா. "குழாயை மூடிட்டு வெளிய வந்திருப்பார்."