சனிக்கிழமைகளில் இருபத்தெட்டு வயது

இத்தாலியின் பலெர்மோவில் பொலிதேயாமா அரங்குக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் வசித்த ஹியூ லாங்ஸ்டாஃப், திங்கள் முதல் வெள்ளி வரை எண்பத்தொரு வயதுக்காரர். சனி, ஞாயிறுகளில் இருபத்தெட்டு. பிரித்தானியாவில் இருபது வருடம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அதற்கு முன்பிருந்தே, வார இறுதிகளில் பயிற்சிக்குப் போகிற தொண்டர் படையில் அதிகாரி. அந்த இரண்டு நாட்கள் எப்படியோ அவரை விட்டுப் போகவில்லை.

பராமரிக்க வந்த விமலராணிக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை. முதல் சனிக்கிழமை காலை அவள் கிழவருக்குக் கஞ்சி கொண்டுபோனபோது, சீருடை போட்ட இளைஞன் ஒருவன் கட்டிலில் இருந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். கோப்பை கைதவறி விழுந்தது. எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் இப்படியொரு காலையில்தான் சீருடைக்காரர் வந்து அவள் அண்ணன் விக்னராஜாவைக் கூட்டிப்போனார்கள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அண்ணன் திரும்பவில்லை.

“நான் அங்கை இனிப் போகேல்லை,” என்றாள் கணவர் பத்மநாதனிடம்.

“வேலையை விட்டால், இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவை என்னெண்டு புதுப்பிக்கிறது? கொஞ்சம் பொறுத்துப் பாரும்.”

பொறுத்தாள். சனிக்கிழமைகளில் சப்பாத்துச் சத்தம் கேட்டால் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பெடியனோ அவளுடைய மரக்கறிப் பையை வாங்கிச் சுமந்துகொண்டு மாடியேறுவான்.

ஒரு புதன்கிழமை, பேச்சுவாக்கில் அவள் அண்ணனின் பெயரைச் சொன்னாள். கிழவர் சொன்னார்: காணாமல்போன பெடியன்களின் பட்டியல் ஒன்றை எண்பத்தாறில் அவருடைய தொகுதித் தமிழர் அவர் கையில் கொடுத்தார்கள். சபையில் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தார். வாசிக்க வேண்டிய நாளில் தன் தொண்டர் படையின் வருடாந்த முகாமுக்குப் போய்விட்டார். அந்தப் பெயரும் அதில் பதினேழாவதாக இருந்தது.

அவள் கஞ்சியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாள். சனிக்கிழமை, எண்பத்தாறாம் ஆண்டை இன்னும் காணாத, எந்தத் தவறும் செய்திராத அந்த இருபத்தெட்டு வயதுக்காரனின் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, எண்பத்தாறிலை ஒரு பட்டியல் உங்கடை கையிலை தருவினம். அண்டைக்கு முகாமுக்குப் போகாதையுங்கோ. எழும்பி வாசியுங்கோ. பதினேழாவது பேர் என்ரை அண்ணன்.”

அவன் அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று மூன்று தரம் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான்.

திங்கள் காலை கிழவர் அவளுக்காகக் காத்திருந்தார்.

“முகாமுக்குப் போகவில்லை. வாசித்தேன். சபையில் பதினொரு பேர்தான் இருந்தார்கள். கவனிப்பதாக அமைச்சர் சொன்னார்.”

“பிறகு?”

“பிறகு ஒன்றும் நடக்கவில்லை.”

யாழ்ப்பாணத்திலிருந்த தங்கை செல்வமலரைத் தொலைபேசியில் அழைத்தாள். “அண்ணா வந்தவரோ?”

“இல்லை அக்கா. ஏன் இப்ப புதுசாய்க் கேக்கிறியள்? லண்டனிலை அண்ணாவின்ரை பேர் வாசிச்ச கடதாசியை அம்மா சாகுமட்டும் தலையணைக்குக் கீழை வைச்சிருந்தவ. மறந்துபோனியளே?”

அப்படியொரு கடதாசி விமலராணியின் நினைவில் இல்லை. “ஓம்,” என்றாள். “வைச்சிருந்தவதான்.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போர்கோ வெக்கியோ சந்தையில் அவள் ஒரு டசின் முட்டை கூடுதலாக வாங்குகிறாள். கிழவர் கஞ்சிதான் குடிப்பார். மற்றவனுக்குப் பசி அதிகம். யாருக்கு என்று முட்டைக்காரர் ஒருமுறை கேட்டார், சனிக்கிழமைகளில் இருபத்தெட்டு வயதாகிறவருக்கு என்று அவள் சொன்னாள், அவர் பெரிய முட்டைகளாகப் பார்த்து எடுத்து வைத்தார்.