கோகிலவாணி பயமுறுத்திய டிரைவர்

கோவையில் கோகிலவாணி வேலை பார்த்த நிறுவனத்தின் டிஸ்ப்ளே டிரைவர்கள் பயந்தால் மயங்கிவிடும். கணினி சொல்வதைப் படமாக்கித் திரைக்கு அனுப்பும் மென்பொருள் அது. மயங்கினால் திரை பதினொரு விநாடி கறுத்துக் கிடக்கும். பிறகு தானாகத் தெளியும். ஒரு பயத்தை மூன்று முறை காட்டிவிட்டால் நான்காவது முறை அசராது. எனவே வெளியே அனுப்புவதற்கு முன் அதைப் போதிய அளவு பயமுறுத்தி வைக்க வேண்டும். ஆறு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை.

இந்த முறை டிரைவர் போகவிருந்தது ஓர் ஆபரேஷன் தியேட்டருக்கு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தத் திரையில் ஓடும் இதயத் துடிப்பை நம்பித்தான் அவள் தம்பி நவநீதனுக்கு வால்வு மாற்றப் போகிறார்கள்.

பாம்பு, தீ, ஆளில்லாமல் இறங்கும் லிஃப்ட் ஆகிய வழக்கமான பயங்களைத் திங்கட்கிழமையே முடித்துவிட்டாள். செவ்வாயன்று சொந்தப் பயங்களை எடுத்தாள். அப்பா கிணற்றில் விழுந்த காலையை வரைந்து காட்டினாள். டிரைவர் மூன்று முறை மயங்கியது. நான்காவது முறை அப்பா விழுவதைத் துல்லியமாகக் காட்டியது. அவள்தான் படத்தை அணைத்தாள்.

அப்படியும் அது தினம் இரண்டு முறை மயங்கியது. புதன்கிழமை காரணம் தெரிந்தது. எல்லோரும் சாப்பிடவும் டீ குடிக்கவும் எழுந்து போகும்போதுதான் மயங்குகிறது.

"யாரும் பார்க்கலைன்னா பயப்படுதுங்க சார்" என்றாள்.

"அப்ப அந்தப் பயத்தையும் மூணு தடவை காட்டிடுங்க" என்றார் மேலாளர் தனசேகர்.

"காட்டறதுக்கு ஒரு ஆள் இருந்தா அது தனியா இல்லைங்களே."

தனசேகர் மருத்துவமனையின் ஆர்டர் தாளைப் புரட்டினார். "தியேட்டர்ல யாராச்சும் பார்த்துட்டுத்தானே இருப்பாங்க?"

"எல்லாருமே தம்பியத்தான் பார்ப்பாங்க சார்."

வியாழன் மாலை டிரைவர் அனுப்பப்பட்டது. கூடவே போகும் பாகங்களின் பட்டியலில் கடைசியாக அவள் பெயர் இருந்தது.

மறுநாள் பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டி அவளைத் திரைக்கு எதிரே நிறுத்தினார்கள். இமைக்கக் கூடாது என்பதால் நர்ஸ் ஸ்டெல்லா அவ்வப்போது கண்ணில் மருந்து விட்டாள். இடது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், நவநீதன் கிடந்தான். திரும்பினால் பதினொரு விநாடி போய்விடும். எலும்பை அறுக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. பச்சைக் கோடு மேடும் பள்ளமுமாக ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேடுகள் சிறுத்தன. அப்புறம் கோடு தட்டையானது.

"என்னம்மா தெரியுது?" குனிந்தபடியே டாக்டர் கேட்டார்.

"கோடு நேரா இருக்குதுங்க டாக்டர்."

"நாங்கதான் இதயத்தை நிறுத்தியிருக்கோம். கோடு ஓடுதா, அப்படியே உறைஞ்சு நிக்குதா? அதைச் சொல்லு."

அவளால் சொல்ல முடியவில்லை. ஓடுகிற நேர்கோடும் உறைந்த நேர்கோடும் ஒரே மாதிரிதான் இருந்தன. கறுப்பதற்குப் பதில் கடைசிக் கோட்டையே காட்டி மயக்கத்தை மறைக்க டிரைவர் கற்றுக்கொண்டுவிட்டதோ என்ற பயம் வந்தது. அந்தப் பயத்தை அவள் அதற்குக் காட்டியிருக்கவில்லை.

"ஓடுதுங்க" என்றாள்.

டாக்டர் தைக்கத் தொடங்கினார். கண்ணிலிருந்து மருந்தும் நீரும் கலந்து முகமூடிக்குள் இறங்கின. ஐம்பது நிமிடம் கழித்து கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மேடு வந்தது. பிறகு இன்னொன்று.

"போதும், கண்ணை மூடிக்கோ கண்ணு" என்றாள் ஸ்டெல்லா.

வராந்தாவில் இரண்டு மணி நேரம் கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். தியேட்டர் கதவு திறந்தது. முதல் ஸ்ட்ரெச்சரில் நவநீதன் வந்தான். பின்னாலேயே இரண்டாவது ஸ்ட்ரெச்சரிலும் நவநீதன் வந்தான்.

"ஓடுன கோட்டுக்கு ஒருத்தர், உறைஞ்ச கோட்டுக்கு ஒருத்தர். ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க" என்று ஸ்டெல்லா இரண்டு படிவங்களை நீட்டினாள்.

கோகிலவாணி இரண்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு போன் செய்து, இன்னொரு கட்டிலுக்கும் சொல்லிவைக்கச் சொன்னாள்.