முதுகு காட்டிய பாதிரியார்

ஸ்பானிய ஓவியம் என்பது துணி, பசை, ஈயம், எண்ணெய் ஆகிய நான்கு மட்டுமே, ஐந்தாவதாக அதில் எதுவும் கிடையாது என்று தெல்மோ அரிஸ்மெந்தி அக்டோபர் பதினோராம் தேதி காலை பத்தரை மணிக்கு, பூர்கோஸ் நகரத்து அருங்காட்சியகத்தின் ஆளில்லாத ஏழாம் அறையில், இனி யாரும் பேச இடமில்லாதபடி அறிவித்தான். பத்து முப்பத்தைந்துக்கு, அந்த அறைச் சுவரில் 1641 முதல் உட்கார்ந்திருக்கும் பேராலயப் பாதிரியார் தோன் பல்தசார் தன் படத்துக்குள்ளேயே எழுந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அன்று வெளியே எட்டு டிகிரி, தூறல்.

தெல்மோ மத்ரித்திலிருந்து வந்திருந்த முனைவர் பட்ட மாணவன். பூர்கோஸில் பொத்தான் ஆலை நடத்தியவரின் விதவை எழுதிவைத்த ஆய்வு நல்கை அவனுக்குக் கிடைத்திருந்தது. ஸ்பானிய ஓவியம் படிக்கும் மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் ஒன்பது மாதம், ஒரு மேசை, ஒரு சாவி, நூலகத்துக்கு மேலே கணப்பு வேலைசெய்யும் ஓர் அறை. நிபந்தனை ஒன்றுதான். மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, தான் ஆராய்ந்த படத்தின் முன் நின்று, படத்திலிருப்பவரின் முகம் சபைக்குத் தெரியும்படி, ஒரு மணி நேரம் பேச வேண்டும். எந்த ஆண்டு அந்தப் பேச்சு நடக்கவில்லையோ அந்த ஆண்டோடு நல்கை முடிந்துவிடும். ஏழாம் அறை பொத்தான் கண்காட்சியாகிவிடும். பொத்தான்கள் பன்னிரண்டு பெட்டிகளில் கீழ்த்தளத்தில் பொறுமையாகக் காத்திருந்தன. முப்பத்தொரு ஆண்டில் முப்பத்தொரு பேர் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பாலாடைக்கட்டி தின்பவரின் படம் ஒன்றை ஒன்பது மாதம் பார்த்துக்கொண்டிருந்ததில் நாலு கிலோ கூடியதைத் தவிர, குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

தெல்மோ நிரூபிக்க வந்தது, தோன் பல்தசாரின் முகத்தை வரைந்தது ஆசான் அல்ல, அவருடைய பட்டறைச் சீடன் என்பதை. மூன்று அத்தியாயங்கள் அந்தக் கண்ணிமைகளை நம்பி இருந்தன. முகமே இல்லை என்றானதும் அவன் ஏழாம் அறைக் காவலாளி எலாடியாவிடம் போய்ப் புகார் சொன்னான். பத்தொன்பது ஆண்டு அனுபவமுள்ள அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உள்ள வந்ததும் ஒரு வணக்கம் சொன்னியா ராசா?"

"யாருக்கு? ரூம்ல யாருமே இல்லையே."

"அவருக்குத்தான். பல் டாக்டர்கிட்ட போனா உக்காந்திருக்கிற அத்தன பேருக்கும் சொல்றோம். லிஃப்ட்ல சொல்றோம், ரொட்டிக் கடையில சொல்றோம். முந்நூத்தி எண்பது வருஷமா உக்காந்திருக்கிற மனுஷனுக்குச் சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"துணிக்கு வணக்கமா, சேன்யோரா? அப்ப அந்த ஜன்னல் திரைக்கும் சொல்லிடட்டுமா? வணக்கம் திரையாரே, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"மத்ரித்ல வாய மட்டும் நல்லா வளத்து அனுப்பியிருக்காங்க. திரை பாவம், அது உன்ன என்ன செஞ்சுது?"

இந்த உரையாடலை அவன் எதிர்ச்சாரி மதுக்கடையில் உருளைக்கிழங்கு அடை தின்றபடி நடித்துக் காட்டினான். கடையே சிரித்தது. மறுநாளும் நடித்தான். மூன்றாம் நாள் கடைக்குள் நுழைந்தபோது அவன் அங்கிருந்த எல்லோருக்கும் பொதுவாக வணக்கம் சொன்னதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

பாதிரியார் அவன் இருக்கும்போது மட்டும் திரும்பியிருந்தார். அவன் வெளியேறினால் நேராகிவிடுவார். சுற்றுலாப் பயணிகள் புகார் எழுதியதால், இயக்குநர் கசில்டா கால அட்டவணை போட்டார்: பன்னிரண்டு மணி வரை முகம், அதற்குப் பின் தெல்மோ. தெல்மோ இது ஈரப்பதத்தின் வேலை என்று நம்பி, நாளுக்கு நாலு முறை அளந்து இரண்டு நோட்டுகளை நிரப்பினான். வேறொருவரைப் படமெடுக்கச் சொன்னான். அவன் கைக்கு வந்ததும் அந்தப் புகைப்படத்திலும் முதுகுதான். ஊடுகதிரில் பின்மண்டை தெரிந்தது. கடைசியில் அவன் முதுகைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினான். இடது காதுக்குப் பின்னால் மச்சம் இருப்பதையும், கழுத்துப்பட்டையின் பின்பக்கப் பொத்தான் விழுந்துபோய் ஊசி குத்தியிருப்பதையும் முதன்முதலாக உலகுக்குச் சொன்னவன் அவன்தான். சலமான்காப் பல்கலைக்கழகத்தில் அதை வாசித்தபோது கைதட்டினார்கள். அந்த முதுகு ஆசானுடையதா சீடனுடையதா என்று இரண்டு பேராசிரியர்கள் சண்டையிட்டு இன்றுவரை பேசிக்கொள்வதில்லை.

ஆனால் நிபந்தனை முகத்துக்குத்தான். ஏப்ரலில் தெற்கே வெயில் ஊரான முர்சியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அடுத்த ஆண்டு நல்கைக்குத் தேர்வான ஃபுவென்சாந்தா என்ற பெண் எழுதியிருந்தாள். வேலையை விட்டுவிட்டதாகவும், வீட்டைக் காலிசெய்துவிட்டதாகவும், பூர்கோஸ் ரொம்பக் குளிருமா, எத்தனை கம்பளிச் சட்டை வேண்டும் என்றும் கேட்டிருந்தாள். தெல்மோ கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தான். ஒரு வாரம் கழித்து இன்னும் ஆழமாக வைத்தான்.

மே நடுவில் கசில்டா அவனைக் கூப்பிட்டார்.

"உன் கொள்கைய நான் தொடல தெல்மோ. ஒரே ஒரு வார்த்த. வாய்க்குள்ளயே சொல்லு போதும்."

"படம்னா வெறும் துணியும் எண்ணெயும்னு சொல்ற முதல் அத்தியாயம் விழுந்துடும், கசில்டா."

"விழட்டும்ப்பா. இல்லேன்னா அந்த முர்சியாப் பொண்ணு வந்து பொத்தான எண்ணிட்டு உக்காரட்டுமா?"

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு மணிக்குப் பேச்சு. எண்பது நாற்காலிகள் போட்டாயிற்று. விதவையின் வக்கீல் முன்வரிசையில் தன் தொப்பியை வைத்து இடம் பிடித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருந்தார். ஒன்பதே முக்காலுக்குத் தெல்மோ தனியாக ஏழாம் அறைக்கு வந்தான். வாசலில் நின்றான். முதுகைப் பார்த்தான். அந்த மச்சம், அந்த ஊசி, எட்டு மாதமாக அவன் மனப்பாடம் செய்திருந்த பின்கழுத்து. அது சற்றே சாய்ந்து, பேருந்தில் நெடுந்தூரம் வந்தவரின் கழுத்தைப்போல இருப்பதை அன்றுதான் கவனித்தான். அவன் இருமினான். இருமலுக்கு நடுவே, "வணக்கம், தோன் பல்தசார்," என்றான்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாற்காலி கிறீச்சிட்டது. பாதிரியார் திரும்பி உட்கார்ந்து, கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டு, நீண்ட மூச்சு ஒன்றை விட்டார். தெல்மோவும் விட்டான். இரண்டு மூச்சிலும் முன்வரிசைத் தொப்பி ஒரு நாற்காலி தள்ளிப் போய் விழுந்தது. முகம் சாதாரண முகம்தான்: மூக்கில் கொஞ்சம் ஜலதோஷம், கண்ணில் தூக்கமின்மை, கோபம் துளியும் இல்லை. இமைகளை வரைந்தவன் சீடனேதான். அதில் தெல்மோ சொன்னது சரி.

"இருமலா ராசா?" என்று பின்னாலிருந்து எலாடியா கேட்டாள்.

"ஆமா. தொண்டை."

"நல்ல இருமல். அக்டோபர்லயே இருமியிருக்கலாம்."

பேச்சு ஒரு மணி நான்கு நிமிடம் நடந்தது. வக்கீல் கையெழுத்திட்டார். பொத்தான்கள் கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் இன்றும் ஓவியம் துணி, பசை, ஈயம், எண்ணெய் என்றே சொல்கிறது. அதற்குத் தேர்வாளர்கள் தனிப் பாராட்டு எழுதினார்கள். படத்தில் பாதிரியாரின் தலை அன்றுமுதல் லேசாக இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அருங்காட்சியகத்தின் புதிய பட்டியலில் படத்தின் விவரத்தைத் திருத்திவிட்டார்கள். பேச்சு முடிந்த அன்று மாலையே தெல்மோ முர்சியாவுக்குப் பதில் எழுதினான்: கம்பளிச் சட்டை மூன்று, கனமான சாக்ஸ் ஆறு, கணப்பு நன்றாக வேலைசெய்கிறது.

ஜூன் கடைசியில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் ஏழாம் அறைக்குப் போய் விடைபெற்றான். வெளியேறும்போது, எலாடியா அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, ஜன்னலருகே ஒரு கணம் நின்று, திரையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். ஜன்னல் சாத்தியிருந்தது. திரை, வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்பதுபோல, மெல்ல அசைந்தது.