யார் போட்ட வளையல்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. கால் வலிக்கிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு நர்சம்மா எப்படி ரூம்காரப் பெண்களுக்குச் சொந்தமானாள் என்று சொல்லப்போகிறேன். நடுவில் அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்து ஊரில் அரசாங்க நர்ஸ், மெர்சி. பிரசவம் பார்ப்பதில் கைராசிக்காரி. ஆனால் மனசெல்லாம் வாலாஜாபாத்தில். அங்கேதான் அவள் வீடு, புருஷன் சாம்சன். மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்தாள்.

ஊர்த்தெருவில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் அவள் நோட்டில் இருப்பார்கள். ஊருக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ரூம்களுக்கு மட்டும் அவள் அதிகம் போனதில்லை. கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பிள்ளைகள், வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், அந்த ஊர் நர்ஸ் பார்த்துக்கொள்வாள். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

2010, வைகாசி. தண்ணீர்க் குழாயடியில் ரூம்காரப் பெண் மாரிசெல்வியைப் பார்த்தாள். எட்டு மாதம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் அடுக்கியிருந்தது.

"இன்னாம்மா, வளகாப்பு ஆய்ட்ச்சா? எங்களுக்கு ஒரு வாய் புளிசோறு கெடையாதா?"

"ஆயிட்டுக்கா." பெண் வளையலைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "அம்மா ஞாயித்துக்கெழம கூப்பிட வாராவ."

"காலு வீங்கிக்கீது பாரு. தலவலி கீதா?"

"வெயிலுக்குத்தான்க்கா."

பிரஷர் கருவி பையில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிற பெண்தானே. "ஊருக்குப் போனதும் மொதல்ல பிரஷர் பாத்துடு, இன்னா?" என்றாள். நோட்டில் பெயரை எழுதி, எதிரே 'தாய்வீடு' என்று போட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஞாயிறு போனது. யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் பஸ்கள் கிளம்பிய பிறகு, பக்கத்து ரூம் பூமாரி ஓடிவந்தாள். "நர்சக்கா, மாரிக்கு வெட்டி வெட்டி இழுக்கு!" புருஷன் பேச்சிராஜ் கம்பெனிக்குள், அவன் போன் லாக்கரில். மெர்சி ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். 108 வந்ததும் கூடவே ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. தாய் கண் திறக்கவில்லை. பிரஷர் ஏறி வந்த வலிப்பு என்றார்கள்.

மறுநாள் தெற்கேயிருந்து மாரிசெல்வியின் அம்மா வந்தாள். சாதி மாறிக் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வருஷமாக மகளோடு பேசாதவள். முகத்தைக்கூட அவள் முதலில் பார்க்கவில்லை, கையைத்தான் எடுத்தாள்.

"ஏட்டி, ஒனக்கு யாரு வளையல் போட்டுவிட்டா? நான் போடலியே..."

பேச்சிராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவளே போட்டுக்கிட்டா அத்தை. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுல வாங்குனோம். வெறுங்கையோட இருந்தா அக்கம்பக்கத்துல கேப்பாவன்னு..."

மெர்சி ரூம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை கனத்தது.

பாட்டிக்காரியே குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆவணியில் வாலாஜாபாத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வேண்டாம் என்று மெர்சி எழுதிக் கொடுத்துவிட்டாள். சாம்சன் கத்தினான்: "பைத்தியமாடி ஒனக்கு? அந்த ரூம்காரங்க ஒனக்கு இன்னா ஒறவு?"

"கேக்காம வுட்டேன்ல, அந்த ஒறவு."

அதற்கப்புறம் ஷிப்ட் விடுகிற நேரம் பார்த்து ரூம் ரூமாக ஏறி இறங்கினாள். முதலில் பிரஷர் பட்டையைச் சுற்றுவாள். கையில் வளையல் இருந்தால், "யாரும்மா போட்டுவுட்டது?" என்பாள். பதில் சொல்லத் தயங்குகிற பெண்ணின் பெயர் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போகும். வாரத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்ப்பாள். வலி கண்டால் அம்மா இடத்தில் அவளே கூடப் போவாள். அப்படிப் பிழைத்துவந்த பிள்ளைகள் எத்தனையோ. 'தாய்வீடு' என்று எழுதிய அந்தப் பழைய பக்கத்தை மட்டும் அவள் கிழிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு வளையல் போட்டுவிட ஆள் இருக்கட்டும் கண்ணுகளா. கோபித்துக்கொண்ட சனம் காலத்தோடு திரும்பி வரட்டும். ஆஸ்பத்திரி போன வண்டியிலிருந்து, உங்கள் வாசலில் தாயும் பிள்ளையுமாகவே இறங்கட்டும்.