நூறு வரும்வரை

மேசைக்கு அடியில் மண்டியிட்டு, பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கி மறுபடியும் சொருகினான் அவன். திரையில் அதே வரி வந்தது: பிரிண்டர் எதுவும் இணைக்கப்படவில்லை. கண்ணெதிரே ஒன்று பச்சை விளக்கை எரியவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர். காலையில்தான் அதில் புது அப்டேட் ஏறியிருந்தது. அதே காலையில்தான் அப்பாவும் இறந்திருந்தார்.

லிஃப்டில் ஒட்ட அறிவிப்பு வேண்டும் என்று கேட்டவர் மாடி வீட்டு டீச்சர். "பாதிப் பேருக்கு இன்னும் விஷயமே தெரியாதுப்பா. ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து கொண்டு வர்றாங்கன்னு ரெண்டு வரி போட்டாப் போதும்."

இந்தக் கட்டடத்தில் பத்து வருடமாக அறிவிப்பு என்றால் அப்பாதான். ஒருமுறை ஏதோ ஓர் அப்டேட் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டு, தாள் முழுக்க வெறும் கட்டங்களாக அச்சடித்துத் தந்தது. மனிதர் அதையும் கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தார். "நான் வேற என்னத்தப் போடப்போறேன், தண்ணி வராதுன்னுதான். புரிஞ்சுக்குவாங்க" என்றார். புரிந்துகொண்டார்கள். அன்று எல்லா வீட்டிலும் வாளிகள் நிரம்பியிருந்தன.

கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது. வருகிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்கிறாள். இது நான்காவது தடவை. வார்த்தைகள்கூட மாறவில்லை.

"ஒன்பதரைக்கே நெஞ்சப் பிடிச்சுக்கிட்டார். வாங்க, டாக்டர்கிட்ட போயிரலாம்னேன். அப்டேட் அறுபத்தெட்டு பர்சென்ட் ஆயிருச்சு, நூறு வந்ததும் போலாம்னார். வேர்த்துக் கொட்டுது. சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சு போச்சு. அப்பவும் எழுந்திரிக்க மாட்டேங்கறார். கடைசில நான் ஸ்டூலப் போட்டு உக்காந்து, சரி, நான் பாத்துக்கறேன், நீங்க எழுந்திரிங்கன்னு சொன்னப்புறம்தான் எழுந்திரிச்சார். ரெண்டு எட்டு வச்சிருப்பார்..."

அந்த இரண்டு எட்டுக்கு அப்பால் அம்மாவால் போக முடிவதில்லை. கேட்கிறவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை.

ஆள் மாற்றாமல் எழுந்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது. பெரிய சலவை ஆலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் பாய்லர் பார்த்தவர். அடுத்த ஷிப்டுக்காரர் வந்து அழுத்தமானியின் முன்னால் உட்கார்ந்தால்தான் இவர் நாற்காலியை விடலாம். ஒருமுறை மாற்று ஆள் வராமல் இருபத்திரண்டு மணி நேரம் அசையாமல் இருந்ததை, யாருக்கோ நடந்த கூத்து போலச் சொல்லிச் சிரிப்பார். பழக்கம் அது. ஆனால் இன்று காலை அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தது பாய்லர் இல்லை. யார் என்று மகனுக்குத் தெரியும்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே போல ஓர் அப்டேட், இருபத்தேழிலேயே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது. முள் நகராமல் நின்றால் மூடிவிடு என்பது ஆலையில் படித்த பாடம். அப்பா ப்ளக்கைப் பிடுங்கினார். அதன் பிறகு கம்ப்யூட்டர் கண்ணே திறக்கவில்லை. மகனுடைய ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போயிற்று. பத்து வருடத்துப் படங்களில் பாதியும் போயிற்று.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவனுடைய வேலையே இதுதான். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில், முகம் தெரியாதவர்களின் கோளாறுகளை ஃபோனிலேயே கேட்டுச் சரிசெய்கிற வேலை. அங்கே அவன் குரலில் தேன் ஒழுகும். "பரவால்ல மேடம், எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வான். வீட்டில் அப்பாவின் மேல் எரிந்து விழுந்தான்.

"எத்தன தடவப்பா சொல்றது? இன்னொரு தடவ நடுவுல அணைச்சீங்கன்னா என்னக் கூப்பிடாதீங்க. நான் வரமாட்டேன்."

கம்ப்யூட்டர் கெட்டால்தான் மகன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கிறான் என்று அம்மா முணுமுணுத்ததுண்டு. அதனால் 'வரமாட்டேன்' என்ற அந்த ஒரு சொல் அப்பாவை எவ்வளவு பயமுறுத்தியிருக்கும் என்று அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

இன்று காலை ஒன்பது பத்துக்கு அப்பா கூப்பிட்டார்.

"நாப்பதுலயே நிக்குதுப்பா. என்ன பண்ணட்டும்?"

"தொடவே தொடாதீங்க. அந்த ப்ளக் வேற லூசா இருக்கு, யாராச்சும் நடந்தாலே விழுந்துரும். நூறு வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. எழுந்திரிக்காதீங்க."

"சரிப்பா."

ஐம்பத்திரண்டு விநாடி என்று கைபேசி கணக்குச் சொன்னது. அழைப்பைத் துண்டிக்கும் முன், "என்ன சொல்றான்?" என்று அம்மா பக்கத்திலிருந்து கேட்டதும், "எழுந்திரிக்கக் கூடாதாம்" என்று அப்பா சொன்னதும் அவன் காதில் விழுந்திருந்தன.

ஆக, அம்மாவுக்குத் தெரியும். ஆனால் நான்கு தடவையும் அவள் பேச்சு ஒன்பதரைக்குத்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இருபது நிமிடத்தை அவள் தொடவே இல்லை. மறந்துவிட்டாளா, மறைக்கிறாளா? சொல்லித் தொலைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அடுத்த கணமே, சொல்லிவிடுவாளோ என்று பயந்தான். வலி வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று டாக்டர் கேட்டபோது அம்மா முக்கால் மணி என்றாள். "உடனே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் முடிக்காத வாக்கியத்தை மகன் காலையிலிருந்து முடித்துக்கொண்டே இருக்கிறான்.

பிரிண்டரைச் சரிசெய்ய நான்கு நிமிடம் போதும். பழையதை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் வேலை முடிந்தது. அது தெரிந்தும் ஒரு மணி நேரமாக ஒயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருக்கிறான். வேலை முடிந்தால் கூடத்துக்குப் போக வேண்டும். திரை அவனை விடாமல் உபசரித்தது. உங்கள் கம்ப்யூட்டர் இப்போது புத்தம் புதியது, என்னென்ன வந்திருக்கிறது என்று பார்க்கலாமா என்று கேட்டது. யாரும் பக்கத்தில் இல்லாமலேயே அதற்கு நூறு வந்திருக்கிறது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் இந்த அறைக்குள் ஓடியும் ப்ளக் விழவில்லை.

அவனுக்கு அழுகை முட்டியது. அழக்கூட வெட்கமாக இருந்தது.

வாசலில் பெரிய அத்தையின் குரல் கேட்டது. அப்பாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர்; தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். அத்தை வந்த பிறகு உள்ளே பதுங்கியிருக்க முடியாது. அவன் ஒரு வெள்ளைத் தாளை உருவி, பேனாவால் அப்பாவின் பெயரையும் ஆறு மணியையும் எழுதினான். எழுத்து கோணலாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

அத்தை சோபாவில் அம்மாவின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அம்மாவின் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி மடியில் வைத்திருந்தார். அம்மா ஐந்தாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு வந்தது. நின்றாள்.

மற்றவர்களைப் போல அத்தை அதோடு விடவில்லை.

"அது கெடக்குது கழுதன்னு எழுந்து வர வேண்டியதுதானே? சொன்ன பேச்சு கேக்கறவனாச்சே எந்தம்பி. யாரு அவன அங்க உக்காரச் சொன்னது?"

கூடத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான்தான் அத்தை. இரண்டே சொல். அவன் கையிலிருந்த தாளை இரண்டாக மடித்தான்.

"நான்தான் அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை திரும்பினார்.

"போன தடவ பாதியில அணைச்சுக் கெடுத்துட்டார். புள்ளைக்கு ஒரு லீவு நாளு வீணாப் போச்சு. அதான் இந்தத் தடவ, நூறு வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க, எழுந்திரிக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்."

வார்த்தை பிசகாமல் அவனுடைய வாக்கியம். அப்பா ஃபோனை வைத்ததும் அதை முழுதாக அவளிடம் ஒப்பித்திருக்க வேண்டும். அம்மா அவன் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்த..." என்றான் அவன்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் பார்க்கவில்லை.

"தண்ணி கொண்டு வரட்டுமா?"

"வேணாம்" என்றார் அத்தை.

முதலில் மேலே இருந்த கையை எடுத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, அடியில் இருந்த கையையும் மெல்ல உருவிக்கொண்டு, சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

அம்மாவின் கை, விட்ட இடத்திலேயே, இருவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தது.