ஜெபிஷா வாசிக்கிறாள், ஜெஸ்லின் வாயசைக்கிறாள்

1

"ஏளா, எம் பிள்ளை வாசிக்கும்போதுகூட என் மூஞ்சியத்தான் பாக்கா. அம்புட்டு பாசம்!"

"நீ என்ன செய்வ?"

"சத்தமே போட மாட்டேன். சும்மா வாய மட்டும் அசைப்பேன். திக்கிட்டா பாவம்லா?"

மணப்பாட்டிலிருந்து என் கல்லூரித் தோழி ஜெஸ்லின் போனில் சொன்னது இவ்வளவுதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது.

2

முதல் வரி: 'கப்பலின் மேல்தளத்தில் நின்ற ஜெனோ, நிலவில் மனைவியின் முகத்தைக்—'

(அடித்துவிட்டேன். குடும்பக் காதல் கதை எழுதிப் பழகிய கை. ஜெஸ்லினின் கணவன் ஜெனோ கப்பலில் எஞ்சின் துடைப்பவன். நிலவைப் பார்க்க நேரமில்லை. கப்பல் கரையைத் தொட்டால்தான் அவனால் வீடியோ காலில் வர முடியும். அப்போது மகள் அவனுக்குப் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும்.)

3

ஒரு குறிப்பு, கதைக்கு வெளியே. 'தோணி' என்று நீங்கள் ஒரே பார்வையில் வாசித்துவிட்டீர்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகள் ஜெபிஷாவுக்கு முதலில் தெரிவது இரட்டைக்கொம்பு. அதற்குத் தனியாகச் சத்தம் கிடையாது. அதை மனதில் பிடித்துக்கொண்டு 'த'வுக்குப் போய், பின்னால் நிற்கும் துணைக்காலையும் பார்த்த பிறகுதான் 'தோ' என்று வாய் திறக்க முடியும். மூன்று உருவம், ஒரே ஒலி. அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் ஜெஸ்லின் திக்கல் என்கிறாள்.

4

மாலை. ஜெஸ்லின் போனை மகளுக்கு நேரே பிடித்திருக்கிறாள். போனுக்கு மேலே அவள் முகம். பிள்ளை கடகடவென்று வாசிக்கிறது.

"ஏளா ஜெபிஷா, புஸ்தகம் கீழ கெடக்கு, நீ மேல பாக்க. அங்கன பல்லி எதுவும் வாசிச்சுக் காட்டுதா?" என்கிறான் திரையில் ஜெனோ.

"பல்லியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீங்க கேளுங்க" என்கிறாள் ஜெஸ்லின், வெட்கத்தோடு.

ஜெபிஷா குனிகிறாள். 'தோணி'. விரல் நிற்கிறது. ஜெஸ்லினின் உதடு குவிகிறது.

5

முடிவு (அ): அவள் சரியாக வாசிக்க, ஜெனோ கண்ணைத் துடைக்கிறான். என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும்.

முடிவு (ஆ): சிக்னல் போய்விடுகிறது. எனக்கு வசதி.

இரண்டும் வேண்டாம். வாசித்தாளா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லையாவது தானாக வாசித்து அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று பள்ளி திறந்த நாளிலிருந்து அவளுக்கு ஆசை. சொன்னால் அம்மா வருத்தப்படுவாளே என்று இதுவரை வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு சின்னப் பிள்ளை கீழே வருவதுபோலப் பேசுமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் ஜெஸ்லின் பெற்ற பிள்ளை, பேசும்.

விரலை எடுக்காமலே சொன்னாள்:

"அம்மா, நீ கொஞ்சம் அங்கன திரும்பிக்கிடேன். நானே வாசிக்கேன்."